அணுவும் மோலும்: ஒரு கலைச்சொல் வரலாறு

மோல் அளவை அவகாட்ரோ எண்ணால் பெருக்கினால் துகள்களின் எண்ணிக்கை கிடைக்கும். எண்ணிக்கையை அவ்வெண்ணால் வகுத்தால் மோல் கிடைக்கும். கணக்கு எளிது. எண்ணப்படும் துகளைச் சுட்டும் சொல்லில்தான் சிக்கல் தோன்றுகிறது.

யாழ்ப்பாணத்து மானிப்பாயில் தமிழ்வழி மருத்துவம் கற்பித்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன். அவர்தம் முயற்சியில் உருவான வேதியியல் நூலாகிய ‘கெமிஸ்தம்’ 1875இல், அன்று திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த நாகர்கோவிலில் அச்சேறியது. மோல் என்னும் சொல் அப்போது பிறந்திருக்கவில்லை. அதனை 1890களில் வழக்கிற்குக் கொணர்ந்தவர் ஜெர்மனியில் பணியாற்றிய வில்ஹெல்ம் ஓஸ்ட்வால்டு. 1909இல் பிரெஞ்சு அறிஞர் ழான் பெரென் அந்த எண்ணுக்கு அவகாட்ரோவின் பெயரை இட்டார். 1971இல் மோல் பன்னாட்டு அலகுமுறையின் ஏழாவது அடிப்படை அலகாயிற்று. எண்ணப்படுவது அணுவா, மூலக்கூறா, அயனியா என்று குறிப்பிட்டே ஆக வேண்டும் என்பதும் அவ்வரையறையில் இடம்பெற்றது. 2019 மே 20 முதல் ஒரு மோல் என்பது 6.02214076 × 10²³ துகள்கள் என நிலைப்படுத்தப்பட்டுள்ளது. தமிழ் எண்ணுப்பெயரால் கூறின், ஏறத்தாழ 602 கோடி கோடி கோடி.

இவ்வலகினைத் தமிழகம் ‘மோல்’ என்றும் இலங்கை ‘மூல்’ என்றும் வழங்குகின்றன. இவ்வேறுபாடு வடிவளவில் நிற்பது; பொருளைத் தாக்குவதில்லை. மலையாளத்தில் அலகின் பெயர் ‘மோள்’ என ஒலிக்கிறது. திருவனந்தபுரத்து ஸ்ரீவராகம் போன்ற, தமிழும் மலையாளமும் அருகருகே வழங்கும் பகுதிகளில் மகளை அழைக்கும் சொல்லும் அதுவே. எனினும் எவரும் மயங்குவதில்லை. வீடும் வகுப்பறையும் வெவ்வேறு களங்களாதலின், இடம் நோக்கிப் பொருள் தெளிவாகிவிடுகிறது.

‘அணு’ அத்தகையதன்று. தமிழில் அது தனிமத்தின் அடிப்படைத் துகள். அணுக்கள் கூடியது மூலக்கூறு. இந்தி, தெலுங்கு, கன்னடம் ஆகியவற்றின் அறிவியல் வழக்கில் அணு என்பது மூலக்கூறு. தமிழின் அணுவிற்கு அங்குப் பெயர் பரமாணு. மலையாளம் மூன்றாவது வழியில் சென்றது. ஆங்கிலத்திலிருந்து பெற்ற ‘ஆற்றம்’ அங்கு அணுவைக் குறிக்கிறது. மூலக்கூறினைக் குறிப்பது ‘தன்மாத்ர’. ஓசை, ஊறு முதலியவற்றின் நுண்ணிய நிலையைத் தன்மாத்திரை எனச் சைவ சித்தாந்தத்தில் பயின்ற தமிழர்க்கு இது புதிய பொருள்.

இவ்வேறுபாட்டின் விளைவைக் கணக்கிலேயே காணலாம். 32 கிராம் ஆக்சிஜன் வாயு ஒரு மோல் ஆகும். அதிலுள்ள ‘அணு’க்கள் எத்தனை என இந்தி நூல் வினவின், விடை 6.022 × 10²³. மொழிபெயர்ப்பாளர் அச்சொல்லைத் தமிழில் அப்படியே இட்டால் அவ்விடை பிழையாகும். ஒவ்வொரு மூலக்கூறிலும் இரண்டு அணுக்கள் உள்ளமையால் 12.044 × 10²³ என்பதே சரி. எண் மாறவில்லை, சொல்லும் மாறவில்லை. பொருள் மாறியதால் விடை பாதியாயிற்று.

வேறுபட்ட களங்களில் வழங்கும் ஒப்புருச் சொற்களைச் சூழல் காக்கிறது. ஒரே துறைக்குள் இரு மொழிகளிடையே பொருள் மாறும் சொல்லைக் காப்பது மொழிபெயர்ப்பாளரின் விழிப்பு மட்டுமே. இந்தி நூலின் அணுவை மூலக்கூறு என்றும் பரமாணுவை அணு என்றும் பெயர்த்த பின்னரே பெருக்கலைத் தொடங்குதல் வேண்டும்.