முற்றுகையில் பிறந்த கல்லறைத் தோட்டம்

சென்னைத் தீவுத்திடலுக்கு அருகே, பல்லவன் சாலையில் இருக்கிறது புனித மேரி கல்லறைத் தோட்டம். 1763-இல் அது உருவாகக் காரணம் ஒரு போர்.

அதற்கு முன் ஆங்கிலேயர் தங்கள் இறந்தவர்களைக் கோட்டைக்கு வெளியே, கொய்யாத் தோட்டம் எனப்பட்ட இடத்தில் அடக்கம் செய்தார்கள். இன்று உயர் நீதிமன்றத்தை ஒட்டிப் பழைய சட்டக் கல்லூரிக் கட்டடம் நிற்கும் இடம் அது. செல்வம் சேர்த்த குடும்பங்கள் அங்கே உயரமான கல்லறைகளைக் கட்டின.

1758 டிசம்பரில் லாலி தலைமையில் வந்த பிரெஞ்சுப் படை கோட்டையை முற்றுகையிட்டது. கோட்டையிலிருந்து பாய்ந்த குண்டுகளுக்குத் தப்ப, அந்தக் கல்லறைகளின் பின்னால் பிரெஞ்சு வீரர்கள் பதுங்கினார்கள். 1759 பிப்ரவரியில் ஆங்கிலேயக் கப்பல்கள் வந்ததும் முற்றுகை முடிந்தது. ஆனால் எதிரிக்கு மறைவு தரும் எதையும் மதிலுக்கு எதிரே விட்டுவைக்கக் கோட்டை நிர்வாகம் இனி தயாராக இல்லை. கோட்டையை ஒட்டி இந்தியர்கள் வாழ்ந்த கறுப்பர் நகரத்தின் வீடுகளை அகற்றியதுபோல் கல்லறைகளையும் இடித்தார்கள். பெயர் பொறித்த பலகைக் கற்களை மட்டும் பெயர்த்து, கோட்டைக்குள் 1680 முதல் இருக்கும் புனித மேரி ஆலயத்தின் முற்றத்தில் பாவினார்கள். உடல்கள் பழைய மண்ணிலேயே தங்கிவிட்டன. இனி இறப்பவர்களுக்கு இடம் வேண்டுமே! அதற்காகத்தான் தீவில் புதிய தோட்டம் எழுந்தது.

பெயர்த்த கற்களுக்கு அப்போதும் ஓய்வு கிடைக்கவில்லை. ஹைதர் அலியின் படையெடுப்புக்கு அஞ்சிய நாட்களில் அவற்றைத் தோண்டியெடுத்து, பீரங்கிகளை நிறுத்தும் தளத்துக்குப் பயன்படுத்தினார்கள். பிறகு மீண்டும் முற்றத்துக்கு வந்தன. கோட்டையின் தலைவராக இருந்த ஏரன் பேக்கரின் மனைவி எலிசபெத்துக்கு வைத்த, 1652-ஆம் ஆண்டைத் தாங்கிய கல்லும் அவற்றில் ஒன்று. இந்தியாவில் எஞ்சியுள்ள மிகப் பழைய ஆங்கிலக் கல்லறைக் கற்களில் அதற்கு இடமுண்டு.

கொய்யாத் தோட்டத்தின் அடையாளமாகப் பழைய இடத்தில் எஞ்சி நிற்கிறது ஒரு கூர்ங்கோபுரம். கம்பெனி அதிகாரி ஜோசப் ஹின்மர்ஸும், ஆளுநர் எலிஹு யேலின் சிறுவயது மகன் டேவிட்டும் அதனடியில் உறங்குகிறார்கள். ஹின்மர்ஸ் இறந்தபின் அவர் மனைவி கேத்தரினைத்தான் யேல் மணந்தார். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் தந்தவரும் அவரே.

ஆக, ஒரு கல்லறைத் தோட்டத்தின் வரலாறு மூன்று இடங்களில் சிதறிக் கிடக்கிறது: பெயர்கள் ஆலய முற்றத்தில், உடல்கள் நீதிமன்றத்துக்கு அருகே, தொடர்ச்சி தீவில். மூன்றையும் ஒன்றாக வைத்துப் படித்தால்தான் அந்த முற்றுகை நகரத்தின் வடிவத்தையே எப்படி மாற்றியது என்பது விளங்கும். ஒன்றைச் சிதையவிட்டாலும் மற்ற இரண்டும் பொருள் இழக்கும். கோட்டையைப் போற்றும் இந்த நகரம், அதன் போருக்கு விலை கொடுத்த இந்தக் கற்களையும் அதே அக்கறையோடு காக்க வேண்டும்.