புழுவைத் தேர்ந்தெடுத்த விஞ்ஞானி

புற்றுநோயைப் பற்றி அறிய மனிதனைத்தானே ஆராய வேண்டும், புழுவை ஏன் ஆராய்கிறார்கள் என்று பலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான் நேயர்களே. இதற்கு விடை காண 1963ஆம் ஆண்டுக்குப் போக வேண்டும்.

அப்போது இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் இருந்த சிட்னி பிரென்னர், தம் ஆய்வுக்கூடத் தலைவர் மேக்ஸ் பெருட்சுக்கு ஒரு கடிதம் எழுதினார். ஓர் உயிர் எப்படி உருவாகிறது, அதன் நரம்பு மண்டலம் எப்படி அமைகிறது என்று ஆராய விரும்பினார் அவர். எந்த உயிரை வைத்து?

மனித உயிரணுக்களை ஆய்வுக்கூடத்தில் வளர்ப்பது அன்றே கைவந்திருந்தது. 1951இல் ஹென்றியெட்டா லேக்ஸ் என்ற அமெரிக்கப் பெண்ணின் புற்றுக்கட்டியிலிருந்து, அவருடைய அனுமதியைக் கேட்காமலேயே எடுக்கப்பட்ட 'ஹீலா' அணுக்கள் அவை. போலியோ தடுப்பூசியைச் சோதிக்க உதவின. ஆனால் அவை எத்தனை பெருகினாலும் ஓர் உடலாக உருவெடுப்பதில்லையே! எலியை எடுத்தால் மூளையில் மட்டும் கோடிக்கணக்கான அணுக்கள். யார் எண்ணுவது?

பிரென்னர் தேர்ந்தெடுத்தது 'சீனோராப்டிடிஸ் எலிகன்ஸ்' என்ற மண்புழுதி அளவுப் புழுவை. நீளம் ஒரு மில்லிமீட்டர். பாக்டீரியா போட்டால் போதும். சுமார் மூன்றே நாளில் அடுத்த தலைமுறை. உடலோ கண்ணாடி. உயிரோடு இருக்கும்போதே உள்ளே அணுக்கள் பிரிவதை நுண்ணோக்கியில் பார்க்கலாம். ஜான் சல்ஸ்டன் அப்படித்தான் பொறுமையாக உட்கார்ந்து பார்த்தார். உருவாகும் உடலணுக்கள் 1,090. அவற்றில் 131 குறித்த நேரத்தில் தாமாகவே மடிகின்றன, மிஞ்சுவது 959.

அந்தச் சாவுக்குக் கட்டளையிடும் மரபணுக்களை ராபர்ட் ஹார்விட்ஸ் கண்டுபிடித்தார். அவற்றை ஒத்தவை மனிதனிடமும் இருக்கின்றன. மடிய வேண்டிய அணு மடியாமல் பெருகுவது புற்றுநோயில் நாம் காணும் கோளாறு. மூவருக்கும் 2002இல் நோபெல் பரிசு கிடைத்தது.

புழு எல்லாவற்றுக்கும் உதவாது. அதற்கு முதுகெலும்பு இல்லை, இதயமும் இல்லை. முதுகெலும்புள்ள உயிர்களின் மரபணுத் தொகுதியைப் படிக்க, பிரென்னர் ஜப்பானியர் 'ஃபூகு' என்று சொல்லும் பேத்தை மீனிடம் போனார். நச்சு மீன்தான், வளர்ப்பதும் சுலபமல்ல. ஆனால் அதன் தொகுதி மனிதனுடையதில் எட்டில் ஒரு பங்கே. மரபணுக்களின் எண்ணிக்கையோ ஏறக்குறைய நம்மைப் போலத்தான். ஆக, தேவையற்ற பக்கங்கள் குறைந்த புத்தகம்! அதைப் படித்த அனைத்துலகக் குழுவில், 1985இல் பிரென்னரின் ஆலோசனையோடு உருவான சிங்கப்பூர் மூலக்கூறு, உயிரணு உயிரியல் கழகம் முன்னின்றது. முடிவுகள் வெளிவந்ததும் அதே 2002இல்தான்.