யு-180: ஒரு நீர்மூழ்கியும் வக்கம் காதரும்

1942 மே மாதம் பணியில் சேர்ந்த ஜெர்மானிய நீர்மூழ்கி யு-180, தன் குறுகிய வாழ்நாளில் மூழ்கடித்தவை இரண்டே வணிகக் கப்பல்கள். வரலாற்றில் அதற்கு இடம் தந்தது அது ஏற்றிச் சென்ற பயணிகளே. 1943 பிப்ரவரி 9 அன்று சுபாஷ் சந்திர போஸையும் ஆபித் ஹசனையும் சுமந்து கீல் துறைமுகத்திலிருந்து புறப்பட்ட அக்கலம், ஏப்ரல் இறுதியில் மடகாஸ்கருக்குத் தென்கிழக்கே ஜப்பானின் ஐ-29 நீர்மூழ்கியைச் சந்தித்தது. கொந்தளித்த கடலில் ரப்பர் தெப்பத்தின் வழியே இருவரும் கலம் மாறினர். 1944 ஆகஸ்டில் பிஸ்கே விரிகுடாப் பகுதியில் யு-180 தன் 56 மாலுமிகளுடன் அழிந்தது.

போஸின் பயணத்துக்குச் சில மாதங்கள் முன்பே, 1942 செப்டம்பரில், பினாங்கிலிருந்து வந்த ஜப்பானிய நீர்மூழ்கியொன்று மலபாரின் தானூர்க் கடற்கரையருகே இந்திய இளைஞர் சிலரை இறக்கிவிட்டது. அவர்களுள் ஒருவர் திருவனந்தபுரத்தை அடுத்த வக்கம் ஊரினரான அப்துல் காதர். கரையேறியதும் பிடிபட்ட அவர், 1943 செப்டம்பர் 10 அன்று சென்னைச் சிறையில் தோழர் மூவருடன் தூக்கிலிடப்பட்டார். அப்போது அவருக்கு வயது 26. சிங்கப்பூரில் போஸ் தலைமையேற்று இரண்டு மாதங்களே ஆகியிருந்தன.

நீர்மூழ்கிகளை அவை மூழ்கடித்த கப்பல்களின் எண்ணிக்கையால் மட்டும் அளந்தால் இவ்விரு பயணங்களும் கணக்கில் வாரா. போஸின் கடல்வழியை விவரிக்கும் அத்தியாயத்திலேயே காதரின் பயணமும் இடம்பெற வேண்டும். தலைவர் வருமுன்னரே ஆழ்கடல் வழியாகத் தாயகம் திரும்பியவர் அவர்.