பதிப்புரிமை பிறந்த கதை

பள்ளிக் கண்காட்சிக்கு ஒரு கட்டுரை தயாரிக்கிறீர்கள். இணையத்தில் தேடியதும் படங்களும் விளக்கங்களும் குவிந்து கிடக்கின்றன. அவற்றை அப்படியே எடுத்து உங்கள் பெயரைப் போட்டுக்கொள்ளலாமா? இக்கேள்வி புதியதன்று. நானூறு ஆண்டுகளுக்கு முன்பே கலிலியோவின் வாழ்வில் இது எழுந்தது.

இத்தாலியிலுள்ள பாதுவா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தபோது, கலிலியோ கணக்கிடுவதற்கான ஒரு கருவியை அமைத்தார். கவராயம் போல விரியும் இரு கைகளிலும் அளவுகோல்கள் பொறித்த கருவி அது. அதைப் பயன்படுத்தும் முறைகளை விளக்கி 1606-இல் இத்தாலிய மொழியில் ஒரு நூலை வெளியிட்டார். மறு ஆண்டே பல்தசார் காப்ரா என்பவர் ஏறக்குறைய அதே செய்திகளை இலத்தீனில் தம் பெயரில் அச்சிட்டார். கலிலியோ, பல்கலைக்கழகத்தை மேற்பார்த்த வெனிஸ் அதிகாரிகளிடம் முறையிட்டார். விசாரணையில், தம் நூலில் உள்ளவற்றையே காப்ராவால் விளக்க இயலவில்லை! அவருடைய நூற்படிகளைப் பறிமுதல் செய்ய உத்தரவாயிற்று.

நூலாசிரியர் அனைவருக்கும் பொதுவான பதிப்புரிமைச் சட்டம் அன்று எந்த நாட்டிலும் இல்லை. ஆயினும் பிறர் உழைப்பைத் தமதென்று கூறுவது குற்றமாகவே கருதப்பட்டது.

சட்டம் வந்தது 1710-இல், இங்கிலாந்தில். அதுவரை அங்கே நூல்களின் உரிமை இலண்டன் புத்தக வணிகர்களின் கையில் இருந்தது. ஆன் அரசியின் காலத்தில் வந்த அச்சட்டம், உரிமையை முதன்முதலாக நூலாசிரியருக்கு அளித்தது. புதிய நூலுக்கு 14 ஆண்டுகள். அதன் பின்னும் ஆசிரியர் உயிருடன் இருந்தால் மேலும் 14 ஆண்டுகள். பிறகு எவரும் அச்சிடலாம். சட்டத்தின் தலைப்பிலேயே அதன் நோக்கம் கல்வியை ஊக்குவித்தல் என்று கூறப்பட்டிருந்தது. 'எங்கள் உரிமைக்கு முடிவே இல்லை' என்று வணிகர்கள் வாதாடினர். மலிவுப் பதிப்புகள் வெளியிட்ட ஸ்காட்லாந்துக்காரர் டொனால்ட்சனின் வழக்கில், 1774-இல் பிரபுக்கள் சபை அவ்வாதத்தைத் தள்ளியது.

எழுதியவருக்கும் பயன் வேண்டும். கற்பவருக்கும் வழி வேண்டும். பதிப்புரிமைத் தராசின் இரு தட்டுகள் இவையே. நம் நாட்டின் 1957-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இவ்விரண்டையும் காணலாம். ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் வரை எழுத்துக்கு உரிமை உண்டு. அதே வேளையில், பாடம் நடத்தும்போது ஆசிரியரும் மாணவரும் நகலெடுக்கவும், தேர்வு வினாக்களில் எடுத்தாளவும் சட்டம் இடமளிக்கிறது. தில்லிப் பல்கலைக்கழகத்தில் பாடப்பகுதிகளை நகலெடுத்துத் தொகுத்து விற்ற கடையின் மீது 2012-இல் மூன்று பதிப்பகங்கள் வழக்குத் தொடுத்தன. கல்விக்காக நகலெடுப்பதற்குச் சட்டத்தில் இடமுண்டு என 2016-இல் தில்லி உயர் நீதிமன்றம் கூறியது. மறு ஆண்டு பதிப்பகங்கள் வழக்கைக் கைவிட்டன.

ஆனால், வகுப்பறைக்கு உரிய சலுகை வகுப்பறைக்கு வெளியே தானாக வந்துவிடாது. கணக்கேட்டில் ஒட்டிய படத்தைப் பள்ளியின் விற்பனை மலரில் அச்சிடுவதானால் உரியவரின் இசைவு வேண்டும். உரிமைக்குறி இல்லாத படத்துக்கும் உரிமையாளர் உண்டு. கருத்துக்கு மட்டும் பதிப்புரிமை இல்லை. ஓம் விதியை எவரும் விளக்கலாம். ஆனால் மற்றொருவர் எழுதிய விளக்கத்தை அப்படியே பெயர்த்தெழுதலாகாது.

தாமாகவே வழிவிடுவோரும் உளர். சுவிட்சர்லாந்தின் செர்ன் இயற்பியல் ஆய்வகத்தில் உருவான உலகளாவிய வலையின் மென்பொருள், 1993-இல் உலகுக்கே பொதுவாக்கப்பட்டது. 'கிரியேட்டிவ் காமன்ஸ்' உரிமங்கள் 2002-இல் வந்தன. தமிழ் விக்கிப்பீடியாவின் கட்டுரைகள் அத்தகைய உரிமத்தில் கிடைக்கின்றன. எடுக்கலாம், மாற்றலாம், ஆனால் மூலத்தைக் குறிப்பிட வேண்டும், மாற்றியதையும் அதே உரிமத்தில் வழங்க வேண்டும்.

எனவே நண்பர்களே, படித்ததை உங்கள் சொற்களில் எழுதுங்கள். எடுத்ததற்கு எழுதியவர் பெயரையும் கிடைத்த இடத்தையும் குறியுங்கள். பதிப்புரிமைக்குக் கால எல்லை உண்டு. பெயர் சொல்லும் கடமைக்கு அது இல்லை. கலிலியோவின் நூலை இன்று எவரும் அச்சிடலாம். அதைத் தமதென்று சொல்ல இன்றும் எவருக்கும் உரிமையில்லை.