கில்டோனன்: ஊர்கள் காலியான ஒரு ஸ்காட்லாந்து பள்ளத்தாக்கு!

ஸ்காட்லாந்து என்றதும் எடின்பரோ கோட்டையும் லாக் நெஸ் ஏரியும்தானே ஞாபகம் வரும்? இன்னும் வடக்கே, சதர்லேண்டில் இருக்கும் கில்டோனன் பக்கம் ஒரு எட்டு போய்ப் பார்ப்போம், வாங்க.

கில்டோனன் ஒரு 'பாரிஷ்'. அதாவது, ஒரு தேவாலயத்தின் எல்லைக்குள் வரும் ஊர்களைச் சேர்த்துப் பிரித்த பழங்காலப் பகுதி. மேப்பில் பார்த்தால் விஷயம் சுலபம். மேற்கே படன்லாக் ஏரி. அங்கிருந்து கிளம்பும் ஹெல்ம்ஸ்டேல் ஆறு, சால்மன் மீனுக்குப் பேர்போனது, தென்கிழக்காக ஓடி வட கடலில் கலக்கிறது. மேடெல்லாம் சொதசொதவென்று பீட் சதுப்பு. பயிர் வைக்கத் தோதான மண் ஆற்றோரத்தில் மட்டும்தான். அதனால் ஊர்களும் ஆற்றையும் ஓடைகளையும் ஒட்டியே இருந்தன.

'இருந்தன' என்று சொல்லக் காரணம் இருக்கு. 1811-ல் இங்கே 1,574 பேர். 1831-ல் 257 பேர்! பஞ்சமோ, கொள்ளைநோயோ இல்லை. ஆட்டுப் பண்ணைக்கு அதிகக் குத்தகை கிடைக்கும் என்று சதர்லேண்ட் எஸ்டேட் குடியானவர்களைக் காலி செய்தது. 1813-ல் எதிர்ப்பு கிளம்பியது, பலிக்கவில்லை. அந்த வருடமே ஒரு கூட்டம் கனடாவுக்குக் கப்பலேறியது. இன்றைய வின்னிபெக் நகரில் கில்டோனன் என்ற பெயர் இருப்பது அவர்களால்தான்.

மற்றவர்கள்? ஆற்று முகத்துவாரத்தில் எஸ்டேட் போட்ட ஹெல்ம்ஸ்டேல் கிராமத்தில் பலர் குடியேறினார்கள். உழுதவர்கள் ஹெர்ரிங் மீன் பிடிக்கப் பழகினார்கள். ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி தெருக்கள். ஸ்டாஃபோர்டு, ட்ரென்தம் என்று அவற்றுக்கு எஜமானரின் இங்கிலாந்து சொத்துகளை நினைவுபடுத்தும் பெயர்கள். இடத்தைவிட்டு எழுப்பியவரின் பெயரையே விலாசமாக எழுத வேண்டிய நிலைமை, யோசிச்சுப் பாருங்க!

1869-ல் பள்ளத்தாக்கு திடீரென மறுபடி நிறைந்தது. ஆஸ்திரேலியத் தங்க வயல்களில் வேலை பார்த்துத் திரும்பிய உள்ளூர்க்காரர் ராபர்ட் கில்கிறிஸ்ட், ஓடைகளில் தங்கத் துகள் கண்டுபிடிக்க, நூற்றுக்கணக்கானோர் குவிந்துவிட்டார்கள். கில்டோனன் ஓடைக்கரையில் முளைத்த குடிசை ஊருக்கு கேலிக் மொழியில் 'தங்க ஊர்' என்றே பெயர். லைசென்ஸ் கட்டணம் வாங்கிய பிரபு, அந்த வருடக் கடைசியோடு அதை நிறுத்திவிட்டார். அந்த ஊரும் போச்சு.

இன்வர்னஸிலிருந்து வடக்கே போகும் ரயில் இந்த ஆற்றோரமாகத்தான் போகிறது. கில்டோனன், கின்பிரேஸ் இரண்டிலும் கேட்டால்தான் நிற்கும். ஜன்னல் பக்கம் உட்காருங்க. பழுப்பு மேட்டுக்கு நடுவே திட்டுத்திட்டாகப் பச்சைப் புல்லும், முழங்கால் உயரக் கல் சுவரும் தெரிந்தால், அங்கே முன்பு வீடும் வயலும் இருந்திருக்கும்.