மந்திரியும் ரேடியோக் குமிழும்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு சிறு யுத்தம் நடந்தது. பதினாறு வயதான என் மகள் கைபேசியில் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். கேட்டாள் என்று சொல்வதுகூடச் சரியல்ல. ஒரு பாட்டில் நாலு வரி. விரலால் ஒரு தள்ளு. அடுத்ததில் மூன்று வரி. மறுபடியும் ஒரு தள்ளு. கால் மணி நேரத்தில் நாற்பது ஐம்பது பாட்டுக்கள் தலையைக் காட்டிவிட்டு ஓடிவிட்டன. எனக்குப் பொறுக்கவில்லை.

"இதெல்லாம் ஒரு பாட்டா? அந்தக் காலத்துப் பாட்டு என்றால்..." என்று ஆரம்பித்தேன்.

கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் தாயார் சிரித்துவிட்டார்.

"அந்தக் காலத்துப் பாட்டையும் எங்கப்பா இப்படித்தான்டா திட்டினார். நான் சிலோன் வைத்தால் வந்து பட்டென்று ரேடியோவை அணைத்துவிடுவார். 'சர்க்காரே வேண்டாமென்று தள்ளின பாட்டு இந்த வீட்டில் எதற்கு?' என்பார்."

என் வாதம் அத்துடன் படுத்துவிட்டது. ஆனால், "சர்க்காரே தள்ளின பாட்டு" என்ற வார்த்தை மட்டும் மனத்தில் நின்றது. அது வெறும் கோபத்தில் சொன்ன வார்த்தை அல்ல, சரித்திரம்.

1952-ல் டாக்டர் பி. வி. கேஸ்கர் மத்திய சர்க்காரில் செய்தி ஒலிபரப்பு மந்திரியானார். பாரிஸில் படித்து டாக்டர் பட்டம் பெற்றவர். இந்துஸ்தானி சங்கீதத்தில் ஆழ்ந்த பற்றுள்ளவர். சினிமாப் பாட்டு தேசத்தின் காதைக் கெடுக்கிறது என்பது அவருடைய திடமான அபிப்பிராயம். இந்த அபிப்பிராயம் அன்று பல பெரியவர்களுக்கு இருந்தது. அவர்கள் திண்ணையில் உட்கார்ந்து சொன்னார்கள்; இவரிடம் ரேடியோ இலாகாவே இருந்தது. அதுதான் வித்தியாசம்.

சினிமாப் பாட்டுக்கு ஒதுக்கிய நேரத்தைக் குறைத்தார். பாட்டைப் போடும்போது படத்தின் பெயரைச் சொல்லக் கூடாது, சொன்னால் அது விளம்பரம் என்று ஒரு விதி வந்தது. பட முதலாளிகளுக்குக் கோபம் வந்து, பாட்டுக்களை ஒலிபரப்பக் கொடுத்திருந்த அனுமதியை வாபஸ் வாங்கினார்கள். இரண்டும் சேர்ந்து, அகில இந்திய ரேடியோவிலிருந்து சினிமாப் பாட்டு அநேகமாக மறைந்தே போயிற்று.

கேஸ்கரை வில்லனாக்கிவிட எனக்கு மனமில்லை. அதே 1952-ல்தான் வானொலியில் தேசிய சங்கீத நிகழ்ச்சி தொடங்கியது. சபாவில் டிக்கெட் வாங்க வழியில்லாத குமாஸ்தாவும் பள்ளிக்கூட வாத்தியாரும் சனிக்கிழமை இரவில் பெரிய வித்துவான்களின் கச்சேரியை வீட்டிலிருந்தபடியே கேட்டார்கள். தெற்கே உள்ளவன் கயாலையும் வடக்கே உள்ளவன் கீர்த்தனையையும் கேட்க வழி பிறந்தது. சினிமாப் பாட்டின் இடத்தை நிரப்ப நிலையங்களில் மெல்லிசைப் பாடல்களும் தயாராயின. நோக்கத்தில் குற்றம் சொல்ல இடமில்லை.

ஆனால் மந்திரியார் ஒரு சிறு விஷயத்தை மறந்துவிட்டார். ரேடியோவில் ஒரு குமிழ் இருக்கிறது. அது நேயரின் கையில் இருக்கிறது!

இரண்டாம் உலக யுத்தத்தின்போது நேசப் படைகளுக்காக நிறுவிய சக்தி வாய்ந்த சிற்றலை ஒலிபரப்பி ஒன்று யுத்தத்துக்குப் பிறகு இலங்கை வானொலியின் கைக்கு வந்திருந்தது. தேசம் முழுவதும் குமிழ் கொழும்புப் பக்கம் திரும்பியது. 1952 டிசம்பரில் அமீன் சயானியின் 'பினாகா கீத்மாலா' இந்திப் பாட்டுக்களுடன் தொடங்கியது. பம்பாயில் பதிவு செய்து விமானத்தில் கொழும்புக்கு அனுப்ப, அது அங்கிருந்து கடல் கடந்து இந்தியாவுக்கே திரும்பி வந்தது. தமிழ் நாட்டிலோ எஸ். பி. மயில்வாகனனின் குரலுக்காக வீடுகளும் காப்பிக் கடைகளும் காத்திருந்தன. வாசல் கதவை மூடினால் பாட்டு கொல்லைப்புறமாக வந்தது.

ஐந்து வருஷம் பார்த்தார்கள். 1957 அக்டோபர் 3-ந் தேதி 'விவித பாரதி' பிறந்தது. வெளியே போன சினிமாப் பாட்டைச் சர்க்காரே ராஜ மரியாதையுடன் உள்ளே அழைத்துக்கொண்டது. அப்போதும் கேஸ்கர்தான் மந்திரி!

வேடிக்கை அதோடு முடியவில்லை. அந்த ஐந்து வருஷத்தில் வாசலில் நின்ற பாட்டுக்களைத்தான் இன்று நாம் தேவகானம் என்கிறோம். தொலைக்காட்சிப் போட்டிகளில் பத்து வயதுக் குழந்தை அவற்றைப் பாடினால் நீதிபதிகள் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள். "அந்தக் காலத்துப் பாட்டு" என்று நான் மகள்மேல் வீசிய அஸ்திரம், என் தாத்தா அணைத்த அதே பாட்டுத்தான்.

அதே காலத்தில் சினிமாப் பாட்டை வேறு விதமாக எதிர்த்தவரும் ஒருவர் உண்டு. 1954-ல் ஏவி. எம்.முக்காக எஸ். பாலசந்தர் 'அந்த நாள்' எடுத்தார். பாட்டு இல்லை, நடனம் இல்லை. எடுத்தவரோ வீணை வித்துவான்! அவர் யாருடைய பாட்டையும் நிறுத்தவில்லை. பாட்டில்லாமலும் படம் நிற்கும் என்று எடுத்துக் காட்டினார், அவ்வளவுதான். எழுபது வருஷம் தாண்டியும் அந்தப் படத்தைப் பார்க்கிறோம்.

அப்படியானால் இன்றைய பாட்டையும் படத்தையும் பற்றி எனக்குக் குறையே இல்லையா? உண்டு. நான் சிறுவனாக இருந்தபோது வெள்ளிக்கிழமை இரவு 'ஒளியும் ஒலியும்' பார்க்கப் பக்கத்து வீட்டுக் கூடத்தில் தெருவே கூடும். எந்தப் பாட்டு வரும் என்று யாருக்கும் தெரியாது. பிடிக்காத பாட்டையும் சகித்துக்கொண்டுதான் பிடித்த பாட்டுக்குக் காத்திருக்க வேண்டும். அப்படிச் சகித்த பாட்டுக்களில் சில பிறகு உயிருக்கு நெருக்கமாகிவிட்டன. இன்றையக் கைபேசியோ நேற்று எதைக் கேட்டோம் என்று கணக்கு வைத்துக்கொண்டு, அதே ருசியை இன்றும் தட்டில் வைக்கிறது. கேஸ்கர் கதவை மூடினார் என்றாவது தெரிந்தது. திட்டிக் கடிதம் எழுதலாம். இந்தக் கண்ணுக்குத் தெரியாத மந்திரிக்கு யார் கடிதம் எழுதுவது?

இப்படி நான் சொல்லிக்கொண்டிருக்க, இளைஞர்கள் என்னைத் தோற்கடித்த கதையும் இருக்கிறது. 1991 தீபாவளிக்குத் 'தளபதி'யும் 'குணா'வும் ஒன்றாக வந்தன. எங்கள் தெருப் பையன்கள் அத்தனை பேரும் 'தளபதி'க்குத்தான் ஓடினோம். 'குணா'வை நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. 2024-ல் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' என்ற மலையாளப் படம் வந்தது. கொடைக்கானல் குகையில் விழுந்த நண்பனை மீட்கும் கதை. கடைசியில் 'குணா'வின் பாட்டு எழும்பியதும் தியேட்டரே அதிர்ந்தது. கைதட்டியவர்களில் பாதிப் பேர் அந்தப் பாட்டு வந்தபோது பிறக்காதவர்கள். என் பக்கத்து நாற்காலியில் அமர்ந்திருந்த என் மகளும் அவர்களில் ஒருத்தி. முப்பத்து மூன்று வருஷம் முன்பு நான் தவறவிட்ட பாட்டை அவள்தான் எனக்கு எடுத்துக் கொடுத்தாள்.

ஆகவே அந்த ஞாயிற்றுக்கிழமை சமாதானம் பேசினோம். "உனக்குப் பிடித்த பாட்டு ஒன்றைப் போடு, கேட்கிறேன்" என்றேன். போட்டாள். முதலில் இரைச்சலாகத்தான் பட்டது. நடுவில் ஒரு நாதஸ்வரம் வந்தது, நிமிர்ந்து உட்கார்ந்தேன். தாயாரும் கீரையைக் கீழே வைத்தார்.

அந்தச் சமயம் பார்த்து மகளின் விரல் அடுத்த பாட்டுக்கு நகர்ந்தது.

"முழுசாகக் கேட்காமல் தள்ளக் கூடாது!" என்று கத்தினேன்.

பார்த்தீர்களா? நானும் உத்தரவு போட ஆரம்பித்துவிட்டேன்.