கோஸ்ட் பிறந்த கதை

பினாங்கில் பாயான் லெப்பாஸ் பக்கம் வளர்ந்தவர்களுக்கு ஹார்ட் டிஸ்க் கடையில் வாங்கும் பொருள் மட்டும் அல்ல. அக்காவோ சித்தியோ ஷிப்டுக்குப் போய்ச் செய்துவிட்டு வந்த பொருள். 1972இல் அங்கே சுதந்திர வாணிப மண்டலம் தொடங்கிய காலத்திலேயே இன்டெல் தன் முதல் வெளிநாட்டு ஆலையைக் கொண்டுவந்தது. பின்னாளில் ஹார்ட் டிஸ்க் செய்யும் சீகேட் வந்தது. டிஸ்க்குக்குள் சுழலும் தட்டுகளைச் செய்யும் கோமாக்கும் வந்தது; 2007இல் அதை வெஸ்டர்ன் டிஜிட்டல் வாங்கிக்கொண்டது. உலகக் கணினிகளின் நினைவில் ஒரு பங்கு இந்தத் தீவில்தான் தயாரானது. அந்த நினைவு செத்துப்போனால் உயிர்ப்பிக்கும் கருவி மட்டும் வேறொரு தீவில் பிறந்தது.

1995. நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் பைனரி ரிசர்ச் என்ற சிறு நிறுவனத்தில் முர்ரே ஹாஸார்ட் என்பவர் ஒரு நிரல் எழுதினார். அதுதான் கோஸ்ட். நார்ட்டன் என்ற அடைமொழி அப்போது அதற்கு இல்லை.

விண்டோஸ் 95 வெளிவந்த ஆண்டும் அதுதான். ஓர் அலுவலகத்துக்கு முப்பது கணினிகள் வந்து இறங்குகின்றன என்று வையுங்கள். ஒவ்வொன்றிலும் விண்டோஸ் ஏற்ற வேண்டும், டிரைவர் போட வேண்டும், பிரிண்டரைப் பழக்க வேண்டும். ஒன்றில் முடித்ததை மற்றவற்றுக்கு அப்படியே நகலெடுத்தால் என்ன என்று எந்த டெக்னீஷியனுக்கும் தோன்றும். டாஸ் காலத்தில் அது நடந்தது. விண்டோஸ் 95இல் நடக்கவில்லை. பழைய டாஸ் கட்டளையால் நகலெடுத்தால் நீளமான கோப்புப் பெயர்கள் எட்டு எழுத்துக்குள் நறுக்கப்பட்டுவிடும். டிஸ்க்கின் தலைப்பகுதியில் இருக்கும், கணினியைக் கிளப்பிவிடும் குறிப்பு கோப்பே அல்ல. ஆகவே அது நகலில் வராது. எல்லாம் வந்துவிட்டது போலத் தெரியும், ஆனால் புதிய டிஸ்க் எழுந்திருக்காது.

ஹாஸார்டின் நிரல் கோப்புகளைத் தூக்கிக்கொண்டு அலையவில்லை. ஒரு ஃபிளாப்பியிலிருந்து கிளம்பி, விண்டோஸ் தூங்கிக்கொண்டிருக்கும்போதே டிஸ்க்கின் அமைப்பைப் படித்தது. காலியிடத்தை விட்டுவிட்டு, நிரம்பிய பகுதிகளை மட்டும் இன்னொரு டிஸ்க்கிலோ ஒரே பெரிய கோப்பிலோ இறக்கியது. புதிய டிஸ்க் பழையதைவிடப் பெரிதாக இருந்தாலும் பொருத்திக்கொண்டது. கொழுக்கட்டை அச்சு மாதிரி, ஒன்றைச் சரியாகச் செய்துவிட்டால் மற்றவை தானாக விழும்.

இதிலிருந்து ஒன்று தெரிகிறது. கோஸ்ட் உங்கள் கல்யாணப் படங்களைக் காப்பதற்காகப் பிறக்கவில்லை. டெக்னீஷியனின் பொழுதைக் காப்பதற்காகப் பிறந்தது. இன்று வீட்டுக் கணினிக்கு என்று விற்கப்படும் பேக்கப் மென்பொருள்களில் முழு டிஸ்க்கையும் படியெடுப்பவை எல்லாம் இந்த வம்சம்தான். அவற்றின் பலமும் பலவீனமும் அந்தப் பிறப்பிலிருந்தே வருகின்றன.

1998இல் சைமன்டெக் கோஸ்ட்டை வாங்கி நார்ட்டன் குடும்பத்தில் சேர்த்தது. மறுவருடம் ஏப்ரல் 26 அன்று சிஐஎச் வைரஸ் வெடித்தது. செர்னோபில் என்று பத்திரிகைகள் எழுதியது அதைத்தான். வைரஸை எழுதியவர் தைவானின் தாத்துங் கல்விக்கூடத்து மாணவர் சென் இங்-ஹாவ். வைரஸ் டிஸ்க்கின் தொடக்கப் பகுதியை அழித்து எழுதியது. சில மதர்போர்டுகளில் பயாஸையும் கெடுத்தது. கொரியா உட்பட ஆசியாவில் ஏராளமான கணினிகள் ஒரே நாளில் எழவில்லை. பயாஸ் கெடாமல் தப்பி, படியும் எடுத்து வைத்திருந்தவர்களுக்கு அது ஒரு மணி நேர வேலை. கணினிக் கடைகளில் 'கோஸ்ட் போடுறது' என்ற பேச்சு நிலைத்துப்போனதும் இந்தக் காலத்தில்தான். பின்னால் வேறு மென்பொருளால் செய்தாலும் பெயர் அதுவாகவே இருந்தது.

ஒரு குறை நீண்ட நாள் இருந்தது. படியெடுக்க விண்டோஸை மூடிவிட்டு வர வேண்டும். எந்த வீட்டில் வாராவாரம் இதைச் செய்வார்கள்? 2003இல் சைமன்டெக் பவர்குவெஸ்ட் என்ற போட்டி நிறுவனத்தை விலைக்கு வாங்கியது. 2004இல் வந்த கோஸ்ட் 9 உண்மையில் அந்தப் போட்டியாளரின் சரக்குதான். ஹாஸார்டின் நிரல் அல்ல. கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே அதனால் படியெடுக்க முடிந்தது. அதே 2003இல் நமக்குப் பக்கத்தில் சிங்கப்பூரில் இதே வேலைக்கு மென்பொருள் செய்யும் அக்ரோனிஸ் தொடங்கியது. வைரஸ் தந்த தைவானே மருந்தும் தந்தது: அங்குள்ள தேசிய உயர்திறன் கணினி மையத்தில் ஸ்டீவன் ஷியாவ் குழுவினர் உருவாக்கிய குளோன்சில்லா இலவசம், திறந்த மூலம். அதுவும் ஒரே மாதிரிக் கணினிகளை மொத்தமாக நிரப்பும் வேலையிலிருந்து வளர்ந்ததுதான். கிழடு தட்டிய கணினியிலும் ஓடும். முகம்தான் கொஞ்சம் கடுகடு.

பிராங்கின் மாலிலோ புக்கிட் ஜம்பூலிலோ கடைக்குப் போய் 'நல்ல பேக்கப் சாப்ட்வேர் எது?' என்று கேட்டால் ஒரு பெயர் கிடைக்கும். கேள்வி அதற்கு முன்னால் இருக்கிறது. எது போனால் எதைத் திருப்பிக் கேட்பீர்கள்? டிஸ்க் செத்துப்போய், மாலைக்குள் அதே கணினி அதே மென்பொருள்களோடு வேண்டும் என்றால் முழுப் படி தேவை. மகள் நேற்று அழித்துவிட்ட ஒரு கட்டுரை வேண்டும் என்றால், ஆறு மாதத்துக்கு முன் எடுத்த முழுப் படி ஆறு மாதத்துக்கு முந்தைய கணினியைத்தான் தரும். அதற்கு அன்றாடம் கோப்புகளை மட்டும் பிரதியெடுக்கும் வசதி போதும். விண்டோஸிலேயே ஃபைல் ஹிஸ்டரி இருக்கிறது. முழுப் படி எடுக்கும் பழைய வசதியும் விண்டோஸில் உண்டு. ஆனால் 2017லேயே மைக்ரோசாப்ட் அதைக் கைவிடப்போகும் பட்டியலில் போட்டு, வேறு நிறுவனங்களின் மென்பொருளை நாடச் சொல்லிவிட்டது.

முழுப் படிக்கு மென்பொருள் வாங்குவதாக இருந்தால், விளம்பரத்தில் வரும் நூறு வசதிகளை நான் பார்க்க மாட்டேன். மீட்புக்கான யுஎஸ்பி ஒன்றைச் செய்து, அதிலிருந்து கணினி எழுகிறதா, எழுந்தபின் வெளி டிஸ்க்கில் உள்ள படி அதன் கண்ணுக்குத் தெரிகிறதா என்று பார்ப்பேன். இந்த இரண்டையும் காசு கொடுப்பதற்கு முன், சோதனைக் காலத்திலேயே பார்த்துவிடலாம். டிஸ்க் விண்டோஸின் பிட்லாக்கர் வசதியால் பூட்டப்பட்டிருந்தால் அதன் மீட்புச் சாவி எண்ணைத் தாளில் எழுதி வைக்க வேண்டும். புதிய கணினிகளில் பல, வாங்கியவருக்கே தெரியாமல் பூட்டியபடிதான் வருகின்றன.

மென்பொருளால் தீராத விஷயம் ஒன்று. 2017 மே மாதம் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னாகிரை பரவியபோது, கணினியோடு எந்நேரமும் செருகியிருந்த வெளி டிஸ்க்குகளும் சேர்ந்தே பூட்டப்பட்டன. அதே ஆண்டு நவம்பர் 4 இரவு ஜார்ஜ் டவுனில் கொட்டிய மழையும் காற்றும் பலருக்கு நினைவிருக்கும். மாநிலத்தில் 7 பேர் இறந்தார்கள். அந்த மாதிரி வெள்ளம் வீட்டுக்குள் வந்தால், மேசைக்குக் கீழே இருக்கும் கணினிக்கும் அதன் பக்கத்தில் வைத்த பேக்கப்புக்கும் விதி ஒன்றுதான். ஒரு படி பட்டர்வொர்த்திலோ சுங்கைப் பட்டாணியிலோ இருக்கும் உறவினர் வீட்டு அலமாரியில் இருக்கட்டும். ஒவ்வொரு தீபாவளிக்கும் போய் மாற்றிக்கொண்டு வரலாம்.

நார்ட்டன் கோஸ்ட் விற்பனை 2013 ஏப்ரல் 30 அன்று நின்றது. அது உண்டாக்கிய படிக் கோப்புகள் இன்னும் எத்தனையோ வீட்டு சிடிகளில் கிடக்கின்றன. அந்த வடிவத்தை அறிந்த நிரல் இல்லாமல் அவை திறக்காது. மற்ற நிறுவனங்களின் படிகளுக்கும் இதுவே கதி. இதே வகை மென்பொருள் தரும் மாக்ரியம் தன் இலவசப் பதிப்பை நிறுத்தியே விட்டது. அதனால் படங்களும் எழுத்துகளும் முழுப் படிக்குள் மட்டும் அடைந்து கிடக்காமல், வெறும் கோப்புகளாகவும் ஒரு டிஸ்க்கில் இருக்க வேண்டும்.

தமிழில் எழுதுபவருக்கு அப்போதும் வேலை முடிவதில்லை. யூனிகோடு பரவுவதற்கு முன் இங்கே நம்மவர்கள் தட்டச்சு செய்தது முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் மென்பொருளில். டிஸ்கி, டாப், டாம் என்று அன்றைய குறியீட்டு முறைகள் பல. கோயில் திருவிழா அறிக்கையோ தோட்டத்துப் பள்ளி மலரோ பழைய படியிலிருந்து ஒரு பைட் குறையாமல் மீண்டு வரும். ஆனால் திறந்தால் திரை நிறைய புள்ளியும் கோடும் போட்ட ஐரோப்பிய எழுத்துகள் கொட்டும். எந்த எழுத்துருவில் அடித்தது என்று தெரிந்தால் யூனிகோடுக்கு மாற்றித் தரும் செயலிகள் இருக்கின்றன. ஆகவே பழைய கணினியைக் கழிப்பதற்கு முன் அதன் ஃபாண்ட்ஸ் கோப்புறையையும் சேர்த்தே பிரதியெடுங்கள்.